வெள்ளைப்படுதல்: நல்ல கிருமி, கெட்ட கிருமி, நம்ம உடம்பு

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேச வேண்டும்.)



குழுக் கூட்டத்தில் நாம் சேமிப்பு பேசுவோம், கடன் பேசுவோம், ரேஷன் கடை, தெருக்குழாய் எல்லாம் பேசுவோம். இந்த மாதம் எடுத்துக்கொண்ட விஷயத்தை மட்டும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கூட்டம் முடிந்து, பதிவேட்டை மூடி, பாயைச் சுருட்டுகிற நேரத்தில்தான் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் எந்த ஊருக்கு நாங்கள் போனாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"எலும்பு உருகித்தான் வெள்ளையாப் போவுதுன்னு சொல்லுதாங்களே, நெசமா?"

"தயிரும் மோரும் நெறைய சேத்துக்கிட்டா நின்னுருமாமே?"

"மெடிக்கல்ல நல்ல கிருமி மாத்திரைன்னு ஒண்ணு இருக்காம். வெல கூடுதலாத்தான் இருக்கு. வாங்கிப் போடலாமா?"

"கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுதுன்னு சொல்லுதாங்க. குழுவுல கடன் கெடைக்குமா?"

இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடம். கடைசிக் கேள்வி ரொம்பப் பெரியது. ஒரு பெண்ணின் உடம்பும், குடும்பத்தின் பணமும் அதில் இருக்கிறது. அதனால் கூச்சத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வாசிப்போம்.

1. உடம்புக்குள்ளே ஒரு உறை மோர்

ராத்திரி பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு மூடி வைக்கிறோம். காலையில் தயிர். அந்த ஒரு கரண்டி மோரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் மற்ற கெட்ட கிருமிகள் பல வளர முடிவதில்லை. அதனால்தான் வெளியே வைத்த பால் கெட்டுப்போகிற நேரத்தில், உறை விட்ட பால் கெடாமல் தயிராகி நிற்கிறது.

இதே மாதிரி ஒரு ஏற்பாடு பெண்ணின் பிறப்புறுப்பின் உட்பாதையிலும் இருக்கிறது. வயதுக்கு வந்த பிறகு உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பினால், உட்பாதையின் சுவரில் சர்க்கரை போன்ற ஒரு சத்து சேருகிறது. அதை வைத்துப் பிழைக்கிற நல்ல கிருமிகளுக்கு லாக்டோபேசில்லஸ் என்று பெயர். அவை புளிப்பை உண்டாக்கி, அந்த இடத்தையே காவல் காக்கின்றன. 1892-ஆம் ஆண்டில் டோடர்லைன் என்ற ஜெர்மனி நாட்டு மகப்பேறு மருத்துவர் இந்தக் கிருமிகளைப் பற்றி எழுதி வைத்தார். அந்தப் புளிப்பு குறைந்தால் நோய்க்கிருமி பெருகும். இதுதான் இந்தப் பாடத்தின் அடிப்படை.

கிருமி என்றாலே கெட்டது, கழுவி ஒழிக்க வேண்டியது என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் கிருமி இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

2. எது சாதாரணம்?

கண்ணில் நீர் ஊறுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது. அதுபோல கர்ப்பப்பை வாயிலும் உட்பாதைச் சுவரிலும் நீர் ஊறும். உதிர்ந்த பழைய தோல் அணுக்களும் அதில் சேர்ந்து வெளியே வரும். இப்படித்தான் அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி அளவு வருவது சாதாரணம். நிறமில்லாமலோ வெள்ளையாகவோ இருக்கும். துணியில் காய்ந்தால் லேசாக மஞ்சள் தட்டும். நாற்றம் இருக்காது, அரிப்பு இருக்காது.

சில சமயம் கூடுதலாக வரும். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில், கரு முட்டை வெளியாகும் நாட்களில், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக இருக்கும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும், கர்ப்பமாக இருக்கும்போதும், தாம்பத்திய உறவின் நேரத்திலும் கூடும். வயதுக்கு வரப்போகிற பெண் பிள்ளைகளுக்கும் வரும். இதெல்லாம் நோய் இல்லை.

அப்படியானால் எலும்பு உருகுவது? எலும்பில் இருந்து எதுவும் அந்த வழியாக வர முடியாது. அதற்கு உடம்பில் பாதையே கிடையாது. "அப்போ எனக்கு ஏன் கை கால் அசந்து போவுது, இடுப்பு விட்டுப் போவுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. நம்மில் பலருக்கு அசதி வருவது ரத்தம் குறைவதால்தான். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். காலையில் இருந்து மசங்குகிற வரை சொளகை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றினால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். அதற்கும் வெள்ளைப்படுதலுக்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. கோவாவில் மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் 18 முதல் 45 வயது வரையுள்ள 2,494 பெண்களிடம் ஆய்வு செய்து, 2005-இலும் 2006-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளைப்படுகிறது என்று சொன்னவர்களிடம் காரணம் கேட்டபோது, கிருமி என்று சொன்னவர்களைவிட மனக்கவலை, உடல் சூடு என்று சொன்னவர்களே அதிகம். பரிசோதித்துப் பார்த்ததில், வெள்ளைப்படுவதாகச் சொன்ன பல பெண்களிடம் மனச்சோர்வும் உடல் அசதியும் சேர்ந்தே இருந்தன. வீட்டுக்காரர் குடி, கடன், பிள்ளை இல்லை என்ற பேச்சு, இதையெல்லாம் வெளியே சொல்ல முடியாத பெண், "வெள்ளை படுது, உடம்பு உருகுது" என்று சொல்கிறாள். அவளுக்கு மாத்திரைக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். அந்த வேலையைக் குழு செய்யலாம்.

3. எது நோய்?

அதே கோவா ஆய்வில் நூற்றுக்கு 28 பெண்களுக்கு உண்மையான நோய்த்தொற்றும் இருந்தது. அதனால் எல்லாமே மனசுதான் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அ) மீன் கவிச்சி நாற்றம். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், தண்ணி மாதிரி வரும். உறவுக்குப் பிறகு நாற்றம் கூடும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. நல்ல கிருமிகள் குறைந்து, மற்ற கிருமிகள் பெருகியதால் வருவது. டாக்டர்கள் இதை பாக்டீரியல் வஜினோசிஸ் என்பார்கள். கோவா ஆய்வில் அதிகம் காணப்பட்ட தொற்று இதுதான். நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. கர்ப்பிணிக்கு இருந்தால் குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது. எனவே கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஆ) திரித்திரியாகத் தயிர்க்கட்டி போல. கூடவே தாங்க முடியாத அரிப்பு, எரிச்சல், சிவந்து போகுதல். இது பூஞ்சைத் தொற்று. வேறு நோய்க்குக் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்ட பிறகு வரும், கர்ப்ப காலத்தில் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். திரும்பத் திரும்ப இந்த அரிப்பு வந்தால் முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வலர்களிடம் இதைக் கேட்கலாம். அவர்களில் பலர் நம்மைப் போல சுயஉதவிக் குழுப் பெண்கள்தான்.

இ) மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில், நுரை நுரையாக, நாற்றத்தோடு. இது உறவின் மூலம் தொற்றுகிற ஒரு கிருமியால் வருவது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. கணவரும் அதே நேரத்தில் மருந்து சாப்பிட வேண்டும்.

ஈ) சீழ் போல வருதல், அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது வலி. தொற்று கர்ப்பப்பை வாயிலோ அதற்கு மேலோ போயிருக்கலாம். கவனிக்காவிட்டால் கருக்குழாய் அடைத்துப் பிள்ளைப்பேறு தடைபடலாம். உடனே போக வேண்டும்.

உ) உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், ரத்தம் கலந்த நாற்றமான நீர். ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும்.

4. நல்ல கிருமியை நாமே எப்படிக் கொல்கிறோம்?

நாற்றம் வருகிறதே என்று சிலர் சோப்பு போட்டு உள்ளே விரலை விட்டுக் கழுவுகிறார்கள். சிலர் டெட்டால் தண்ணீர், உப்புத் தண்ணீர், படிகாரத் தண்ணீர் என்று உபயோகிக்கிறார்கள். இப்போது டிவி விளம்பரம் பார்த்து, வாசனை போட்ட கழுவும் திரவம் வாங்குகிறார்கள். எல்லாம் ஒரே தப்புத்தான். சோப்பு புளிப்புக்கு எதிரி. உள்ளே கழுவக் கழுவ நல்ல கிருமி செத்து, நாற்றம் கூடும். நாற்றம் கூடினதும் இன்னும் அதிகமாகக் கழுவுவோம். அப்படியே வட்டமாகப் போய்க்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* வெளிப்புறம் மட்டும் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். உள்ளே எதுவும் வேண்டாம்.

* மலம் கழித்த பின் முன்னால் இருந்து பின்னால் கழுவுங்கள். பின்னால் இருந்து முன்னால் வந்தால் குடல் கிருமி முன்பக்கம் வரும்.

* சிற்றாற்றில் குளித்துவிட்டு, நடவு முடித்துவிட்டு, ஈர உள்பாவாடையோடு மணிக்கணக்கில் இருக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும்.

* மாதவிலக்குத் துணியை சோப்பு போட்டுத் துவைத்து, வெயில் படும் இடத்தில் காயப் போடுங்கள். யாரும் பார்த்துவிடுவார்களே என்று பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே காயப் போடுகிறோம். அரைகுறையாகக் காய்ந்த துணியில்தான் கிருமி குடியிருக்கும். கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம். துணியோ நாப்கினோ, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

* பீடி சுற்றும் சகோதரிகள் துணி மாற்றப் போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். விரலில் உள்ள புகையிலைத் தூள் அந்த மெல்லிய தோலில் பட்டால் எரியும். 'இந்தக் கட்டு முடியட்டும்' என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்காராதீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

* காய்ச்சல், சளி என்றதும் மெடிக்கலில் நாமாகக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும்.

5. தயிர், பழைய சோறு, நல்ல கிருமி மாத்திரை

உடம்புக்கு நன்மை செய்கிற உயிருள்ள கிருமிகளைச் சாப்பாடாகவோ மருந்தாகவோ கொடுப்பதற்கு புரோபயாடிக் என்று பெயர். பெயர்தான் புதுசு. தயிரும் மோரும் நம்ம பாட்டி காலத்துச் சாப்பாடு. பழைய சோற்றிலும் ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கிற கிருமிகள் வேலை செய்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராயவே தொடங்கினார்கள். வயிற்றுக்கும் குடலுக்கும் இவை நல்லவை. சுத்தமான தண்ணீரில் ஊற வைத்த பழைய சோறும், இரண்டு சின்ன வெங்காயமும், ஒரு டம்ளர் மோரும் சாப்பிடுவதை யாரும் விடவேண்டாம்.

ஆனால் வெள்ளைப்படுதல் நோயைத் தயிர் தீர்க்குமா? தீர்க்காது.

காரணத்தை நம்ம விவசாயத்தை வைத்தே பார்க்கலாம். ஆற்றங்கரை வயலில் அருமையாக வருகிற நெல் நாற்றை மானாவாரிக் காட்டில் கொண்டுபோய் நட்டால் பிடிக்குமா? அந்த மண்ணுக்கு அந்த நாற்று இல்லை. அதுபோல, தயிரில் வளர்கிற கிருமி வேறு வகை. உட்பாதையில் காவல் காக்கிற கிருமி வேறு வகை. காவல்காரர்களில் முக்கியமானதற்கு லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்று பெயர். அது நம்ம வீட்டுத் தயிரில் வளர்கிற கிருமி இல்லை. சாப்பிட்ட தயிர் போய்ச் சேருகிற இடமும் குடல்தான்.

இந்தக் கிரிஸ்பேட்டஸ் கிருமியையே தனியாக வளர்த்து, பொடியாக்கி, உட்பாதையில் வைக்கும் மருந்தாக அமெரிக்காவில் 228 பெண்களிடம் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது. எல்லாப் பெண்களுக்கும் முதலில் மெட்ரோனிடசோல் என்ற வழக்கமான மருந்து கொடுத்து நோயைக் குணப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பொடி. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, பொடி வைத்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் திரும்பியது. வெறும் பொடி வைத்தவர்களில் 45 பேருக்குத் திரும்பியது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, நல்ல கிருமிக்கு சக்தி உண்டு என்பது உண்மை. இரண்டு, சரியான கிருமி, சரியான இடத்தில், மருந்துக்குப் பிறகு வைத்தும் 30 பேருக்குத் திரும்பியிருக்கிறது. அப்படியிருக்க, மெடிக்கலில் பெயர் தெரியாத ஒரு நல்ல கிருமி மாத்திரையை, என்ன நோய் என்றே பார்க்காமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதில் என்ன லாபம்? டாக்டர் பரிசோதித்து எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள். நாமாக வாங்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. தயிரில் பஞ்சை நனைத்து உள்ளே வைப்பது, வெள்ளைப்பூண்டு வைப்பது, வேறு பச்சிலைச் சாறு விடுவது, எதுவும் வேண்டாம். அந்த இடம் புண்ணாகும். தயிரோடு வேறு கிருமியும் உள்ளே போகும். தயிர் சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

6. நாம் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை?

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் ஜாஸ்மின் ஹெலன் பிரசாத்தும் அவர் குழுவினரும், 1996-97-இல் தமிழ்நாட்டில் 16 முதல் 22 வயதுக்குள் இருந்த திருமணமான 451 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். பரிசோதனையில் நூற்றுக்கு 38 பேருக்குத் தொற்று இருந்தது. தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் எந்த வைத்தியத்துக்கும் போகவில்லை.

ஏன் என்று கேட்டபோது சொன்ன காரணங்கள் இவை: பக்கத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இல்லை. மறைவான இடம் இல்லை. தூரம். செலவு. 'பொம்பளைனா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்ற நினைப்பு.

அந்தப் பெண்களுக்கு இப்போது ஐம்பது வயதாகிவிட்டது அல்லது ஆகப் போகிறது. அவர்களுடைய மகள்கள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருப்பார்கள். நம்ம ஊரில் இன்றைக்கு இந்தக் காரணங்களில் எது மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது? இதைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பேசுங்கள்.

எங்கே போகலாம்? முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அடுத்து தென்காசி அரசு தலைமை மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு. அதற்கும் மேல் தேவைப்பட்டால் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பால்வினைத் தொற்றுகளுக்கு அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்று தனி இடம் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரகசியமும் காக்கப்படும். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போகும்போது தனியாகப் போக வேண்டாம். குழுவில் ஒரு அக்காவையோ மைனியையோ துணைக்குக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். நிறம், நாற்றம், அரிப்பு, எத்தனை நாளாக, கடைசி மாதவிலக்கு எப்போது, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். கொடுத்த மருந்தை, இரண்டு நாளில் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

7. வீட்டுக்காரரும் வரணும்

மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று பலர் அலுத்துப் போகிறார்கள். மீன் கவிச்சி நாற்றம் உள்ள நோய் பெண்ணுக்கு மட்டும் உரியது, கணவருக்கு மருந்து தேவையில்லை என்றுதான் மருத்துவர்கள் பல வருடம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வு 2025-இல் இதை மாற்றியது. ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். 12 வாரத்துக்குள் நூற்றுக்கு 63 பேருக்கு நோய் திரும்பியது. இன்னொரு பிரிவில் ஆணுக்கும் மாத்திரையும் தடவும் களிம்பும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் 35 பேருக்குத்தான் திரும்பியது.

எனவே டாக்டரிடம், "எங்க வீட்டுக்காரருக்கும் மருந்து வேணுமா?" என்று நீங்களே கேளுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம் என்று தெரியும். "இது ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடுற சமாச்சாரம் இல்ல, ரெண்டு பேரும் மருந்து சாப்பிட்டாத்தான் செலவு ஒரே தடவையோட முடியும்" என்று சொல்லிப் பாருங்கள்.

8. கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமா?

இப்போது கடைசிக் கேள்விக்கு வருவோம். மகாராஷ்டிரா மாநிலம் பீட் மாவட்டத்தில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். கழிப்பறை வசதி கிடையாது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களிடம், "கர்ப்பப்பையை எடுத்துவிடு, இல்லையென்றால் கேன்சர் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் 2019-இல் அரசு ஒரு குழு அமைத்தது. கணக்கெடுத்த 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அதாவது ஆறில் ஒருவருக்கு. வேறு சில மாநிலங்களிலும் இதே புகார் வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை உட்பாதைச் சுவரில் இருந்தும் வருகிறது. கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்தச் சுவர் அங்கேயேதான் இருக்கும். தொற்றும் வரலாம். சில நாள் மாத்திரையில் தீர வேண்டியதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கடனையும் சுமந்து, அதன் பிறகும் வெள்ளை படலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கும் பருவம் உடனே வந்துவிடும். எலும்பு பலவீனமாகும். 'எலும்பு உருகுது' என்று பயந்து போன பெண்ணுக்கு, உண்மையாகவே எலும்பு தேய்வது அதன் பிறகுதான்.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புற்றுநோய், நிற்காத உதிரப்போக்கு, பெரிய கட்டி போன்றவற்றுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. வெள்ளைப்படுதல் ஒன்றுக்காக மட்டும் எடுக்கச் சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

கேன்சர் பயத்துக்கு சரியான பதில் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் கர்ப்பப்பை வாயில் வினிகர் கலந்த நீரைத் தடவிப் பார்ப்பார். கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஆரம்பத்திலேயே சிகிச்சை கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் சாவது மற்ற ஊராட்சிகளைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. சில நிமிட வேலை. கத்தியும் இல்லை, மயக்க ஊசியும் இல்லை. நம்ம அரசு மருத்துவமனைகளில், 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். வெள்ளை படாதவர்களும் செய்துகொள்ள வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரில் வெள்ளைப்படுதலுக்கு என்னென்ன காரணம் சொல்கிறார்கள்? பாடம் கேட்ட பிறகு எது சரி, எது தவறு?

2. மாதவிலக்குத் துணியை வெயிலில் காயப் போட நம் தெருவில் என்ன தடை? எப்படிச் சரி செய்யலாம்?

3. பெண் மருத்துவர் வரும் நாள், நேரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

4. கடந்த ஓராண்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதிய கடன்கள் எத்தனை? (பெயர் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.) அதில் எவ்வளவை அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் தவிர்த்திருக்கலாம்?

தீர்மானத்துக்கு

கலந்து பேசிய பிறகு, விருப்பமுள்ள குழுக்கள் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.

* 30 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரே நாளில் சேர்ந்து போய்ப் பரிசோதனை செய்துகொள்வது. நாளை முன்கூட்டியே செவிலியரிடம் பேசி முடிவு செய்வது.

* ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஒவ்வொரு குழுவிலும் இருவர் பொறுப்பேற்பது. அவர்களிடம் சொன்னது அவர்களோடு இருக்க வேண்டும்.

* கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்குக் கடன் கேட்கும் உறுப்பினருக்கு, இரண்டாவது மருத்துவரிடம் காட்டிவர முதலில் உதவி செய்வது. தேவைதான் என்று அவரும் சொன்னால் தாமதமில்லாமல் கடன் கொடுப்பது.

* ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் வரும் நாளை எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டி வைப்பது. பெண் மருத்துவரோ மறைவான அறையோ இல்லையென்றால், கூட்டமைப்பு மூலம் மனு எழுதி கிராம சபையில் வைப்பது.

இந்தப் பாடத்தை வீட்டில் உள்ள பெண் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பாய் சுருட்டுகிற நேரத்தில் காதோடு கேட்ட கேள்வியை, அவர்கள் நேராக டாக்டரிடமே கேட்கட்டும்.